அம்மாமார் கடை

பாக்கியம் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப் பை. பக்கத்தில் புதிய சூட்கேஸ் ஒன்று, கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படாமல் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்த கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது.

வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியில் லிப்ட் வேலை செய்யாத நாட்கள் அவை. கடற்கரைக்குக் கிட்ட இருந்தால் எல்லாமே கறள் பிடித்துவிடும். நான் மரக்கறிப் பையோடு இளைக்க இளைக்க ஏறி வந்தவள், அவரைக் கண்டதும் நின்றுவிட்டேன்.

"பாக்கியம், நீ போன கிழமைதானே ஊருக்குப் போனனீ?"

"போனேன் டீச்சரம்மா. திரும்பி வந்துட்டேன்."

"ஏன்?"

"அங்க எடமில்லீங்க."

பின்னாலேயே எங்கள் காவலாளி ஏறி வந்தார். "மிஸ், ஆச்சிட்ட யன்ட தெனக் நே," என்றார் சிங்களத்தில். போக இடமில்லை என்பது அவருக்கும் விளங்கியிருந்தது. பாக்கியம் விடியப்புறமே வந்துவிட்டாராம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்கள் வீடு மேலேதானே இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு ஏறினாராம். தடுக்கத் தனக்கு மனம் வரவில்லை என்றார் காவலாளி.

அம்மாமார் கடையை ஏன் தொடங்கினீர்கள் என்று நான் எழுதும் இந்தத் தொடரை வாசிக்கும் பலர் கேட்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அதற்கு என்னிடம் வேறு பதில் இல்லை. அந்தப் படிக்கட்டுத்தான் பதில்.

மூன்றாம் மாடி வீடு

அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது ஞானம் மாமியின் வீடு. பாக்கியம் அங்கே வேலை செய்தவர். அப்படிச் சொன்னால் போதாது. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பால்பல் விழுந்த வயதில் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டவர். கொஞ்சம் வளர்ந்ததும் மாமியின் பிள்ளைகளை இடுப்பில் தூக்கினார். பிறகு அவர்களுடைய பள்ளிக்கூடச் சப்பாத்துகளுக்கு வெள்ளை பூசினார். பிள்ளைகள் கனடாவுக்குப் போனார்கள். மாமியின் கணவர் காலமானார். கடைசி வருடங்களில் மாமியையும் ஒரு குழந்தையைப் போலத் தூக்கிக் குளிக்க வார்த்தது பாக்கியம்தான்.

மாமியின் செத்தவீட்டுக்கு மகனும் மகளும் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாசிப்பவர்கள் அவர்களைத்தான் திட்டுவார்கள். மகள் பாக்கியத்தைக் கட்டிப்பிடித்துக் குலுங்கி அழுததை நான் கண்டேன். கையில் காசு கொடுத்தார்கள். சூட்கேஸ் வாங்கினார்கள். வான் பிடித்து, "இனி உன்ரை சனத்தோடை நிம்மதியாய் இரு," என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டை விற்றார்கள். லீவு முடியத் திரும்பிப் போனார்கள்.

பாக்கியத்துக்குச் சனம் என்று எவரும் மிஞ்சியிருக்கவில்லை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. தோட்டத்து லயத்து அறையில் இருந்தவன் தம்பியின் பேரன். மனைவி, பிள்ளைகள், மாமியார் எல்லாரும் அந்த ஒற்றை அறைக்குள்.

"அவங்க மேல தப்பு இல்லீங்கம்மா," என்றார் பாக்கியம், என் குசினியில் தேத்தண்ணீர் குடித்தபடி. "என்னைய அவங்களுக்குத் தெரியாது. சின்னப் புள்ளை என் மொகத்தைப் பாத்துட்டு அழுதுச்சு. கையில இருந்த காசை அதுக்குப் பால்மாவு வாங்கச் சொல்லிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

வந்தது எங்கே? தனக்குத் தெரிந்த ஒரே வீட்டுக்கு.

எறியப்படும் வீடுகள்

எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேரிடம் இதைச் சொன்னேன். ஒருவர் புனிதம். அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், எனக்குப் பக்கத்து வீடு. மற்றவர் சிவகுரு அக்கா. ஒழுங்கையில் இன்னும் இடிக்கப்படாமல் இருக்கும் ஒரே தனி வீடு அவருடையது. கணவர் போன பிறகு அங்கே தனியாக இருக்கிறார்.

புனிதமும் நானும் முதியோர் இல்லங்களுக்கு அலைந்தோம். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "பொறுப்பாய் ஆர் நிக்கினம்? பிள்ளையள் இல்லையோ? சொந்தக்காரர்?" ஒருவரும் இல்லை என்று சொன்னதும் முகம் மாறிவிடும்.

கடைசியில் புனிதம் தன் பழைய நோயாளி ஒருவரை நினைத்துப் பார்த்தார். கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருந்த திரேசா என்ற விதவை. அவரிடம் ஓர் அறை சும்மா கிடந்தது. ஆனால் அந்த அறை வாடகையை நம்பித்தான் அவரும் சாப்பிட வேண்டியிருந்தது. பாக்கியத்தை அங்கே குடியிருத்தி, முதல் சில மாதங்கள் வாடகையை எங்கள் பென்ஷனிலிருந்து கொடுத்தோம். அது தொடர்ந்து நடக்கிற காரியமில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் வெள்ளவத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே சில கிழமைக்கொருமுறை ஒரு வீடு மூடப்படும். தாயோ தகப்பனோ செத்திருப்பார்கள், அல்லது பிள்ளைகள் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு இரண்டு கிழமைதான் லீவு. அதற்குள் ஒரு வாழ்க்கையை அள்ளி வெளியில் போட வேண்டும். வாசலில் கிடக்கும்: பிரஷர் குக்கர், பித்தளைக் குத்துவிளக்கு, பெட்டி பிரிக்காத டின்னர் செட், பூச்சிக்குப் போடும் வெள்ளை உருண்டைகள் மணக்கும் பட்டுச் சேலைகள். மாநகரசபை லொறி வந்து அள்ளிப் போகும்.

ஒரு நாள் அப்படிக் கிடந்த குவியலுக்குள் புனிதம் ஒரு வோக்கரைக் கண்டார். முதியவர்கள் பிடித்து நடக்கும் நாலு கால் சட்டம். ரப்பர் தேயாத புதுச் சட்டம். அதைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஒழுங்கையின் நடுவில் நின்று கத்தினார்: "வார்ட்டிலை இது ஒண்டுக்காக எத்தினை சனம் அழுதது தெரியுமோ? இஞ்சை குப்பைக்குப் போகுது!"

அன்று பின்னேரம்தான் விற்கும் யோசனை வந்தது. குப்பைக்குப் போவதைக் கேட்டு வாங்கி, துடைத்துத் தைத்து, மலிவாக விற்போம். வருவதைக் கொண்டு பாக்கியத்தைப் போலத் தனித்துப்போனவர்களின் வாடகையையும் மருந்தையும் பார்ப்போம். கடைக்கு இடம்?

"என்ரை கராஜ் இருக்குத்தானே," என்றார் சிவகுரு அக்கா. "காரை வித்துப்போட்டன். சும்மா பல்லிதான் குடியிருக்குது."

யோசிக்காமல் சொன்னார். அவருடைய கொடைக்குணம் எப்போதும் அப்படித்தான்.

மூக்குக்கண்ணாடி

கராஜில் பலகைகளை அடுக்கி மேசையாக்கினோம். கயிறு கட்டிச் சேலைகளைத் தொங்கவிட்டோம். ஒரு மூலையில் ஆளுயரக் கண்ணாடி, அதற்குப் பக்கத்தில் வருபவர்கள் இருக்க ஒரு பிரம்புக் கதிரை. சம்பளம் எவருக்கும் இல்லை. முழங்கால் நோவும் பிரஷர் குளிசையுமாக நாங்கள் நாலைந்து பெண்கள் மாறி மாறி நின்றோம். பெயர் வைக்கக் கூடிய கூட்டமெல்லாம் சண்டையில் முடிந்தது. கடைசியில் வாங்க வந்தவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். கிருலப்பனையிலிருந்து வரும் பெண்கள் "அம்மாமார் கடை" என்றார்கள். அதுவே நின்றுவிட்டது.

விற்பதைவிட வாங்கி வைப்பதுதான் கடினமாக இருந்தது. சாமான் கொண்டுவருபவர்கள் சும்மா கொண்டுவருவதில்லை.

ஒரு மனிதர் தாயின் உடுப்புகளோடு வந்தார். நரைத்த தலை, வெளிநாட்டுச் சப்பாத்து. பைக்குள் ஒரு மூக்குக்கண்ணாடியும் இருந்தது. கண்ணாடியில் விரல் அடையாளங்கள் எண்ணெய்ப் பிசுக்காகப் படிந்திருந்தன. புனிதம் பழக்கத்தில் சேலைத் தலைப்பால் அதைத் துடைக்கப் போனார்.

"இப்ப துடைக்காதேங்கோ," என்றார் அவர். "நான் போனாப் பிறகு துடையுங்கோ."

புனிதம் அதை அப்படியே மேசையில் வைத்தார். அந்த மனிதர் ஒழுங்கை முனையில் திரும்பி மறைந்தார். அதன் பிறகும் அன்று முழுவதும் அந்தக் கண்ணாடியை ஒருவரும் தொடவில்லை.

தும்புத்தடி

கடை ஓடியது. வாடகை தவறாமல் திரேசாவுக்குப் போனது. தெமட்டகொடையில் ரயில் பாதையோரம் தனியாக இருந்த ஒரு முதியவருக்கு நீரிழிவு மருந்து வாங்கிக் கொடுத்தோம். கிருலப்பனையில் பிள்ளையில்லாத ஒரு கிழத் தம்பதிக்கு மாதச் சாமான். இரவல் போன வோக்கர் வீடு வீடாகச் சுற்றியது.

கராஜ் தரை மட்டும் எப்போதும் புழுதி. காலி வீதி பஸ்களின் புகையும் கடற்காற்று மணலும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும்.

ஒரு நாள் சிவகுரு அக்கா சொன்னார்: "பாக்கியம் அங்கை சும்மாதானே இருக்கிறாள். கிழமையிலை ரெண்டு மூண்டு நாள் வந்து கூட்டித் துடைச்சு, எங்களுக்கு ஒரு பிளேன் டீயும் ஊத்தித் தந்தால் என்ன? அவளுக்கும் பொழுது போகும்."

எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. பாக்கியத்தைக் கடைக்கு வரச் சொன்னோம். கழுவி உலர்த்திய பருத்திச் சேலையில், எண்ணெய் வைத்துத் தலை இழுத்துக் கட்டி வந்தார். சிவகுரு அக்கா விஷயத்தைச் சொன்னார். கதவோரம் கூட்டும் தும்புத்தடி சாய்ந்திருந்தது. பாக்கியம் அதைப் பார்த்தார்.

"இல்லீங்கம்மா."

"என்ன, உடம்பு ஏலாதோ?"

"ஒடம்புக்கு ஒன்னும் இல்லீங்க. கூட்ட மாட்டேங்க."

சிவகுரு அக்காவின் முகம் சிவந்தது. "உனக்காகத்தானே இந்தக் கடையே நடக்குது!"

"தெரியுங்கம்மா. உங்க புண்ணியத்துல இருக்கேன். அந்த ரூமைக் குடுத்துருன்னு சொன்னா குடுத்துர்றேன். ஆனா இனிமே யாரு எடத்தையும் கூட்ட மாட்டேன்."

குரலில் கோபம் இருக்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு பையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். பஸ் தரிப்பிடத்தில் இரண்டு பேரும் இருந்தோம்.

"அந்தம்மா ரொம்பக் கோவிச்சுக்கிட்டாங்களா?"

"ஓம்."

பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"எங்க ஞானம்மா செத்த அன்னிக்கு, பெட்டியைத் தூக்கிட்டுப் போனதும் எல்லாரும் அழுதுக்கிட்டே பின்னாலயே போனாங்க. நான் போகல. வீட்டைக் கழுவணும்ல. ஒரு ரூமு விடாம எல்லாம் கழுவினேன். கழுவிட்டு நிமிந்தேன் பாருங்க, அப்ப மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், இதோட முடிஞ்சுதுன்னு. அந்தம்மாவுக்குச் செஞ்சதுதான் கடைசி."

புறக்கோட்டை பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து மெல்ல ஏறினார். நான் கையசைத்தேன். அவர் பார்க்கவில்லை.

பூட்டிய கராஜ்

அடுத்த நாள் கராஜ் பூட்டிக் கிடந்தது.

"வேலைக்காரிக்கு வேலை செய்ய ஏலாதாம். அப்ப நாங்கள் என்ன, அவளுக்கு வேலைக்காரியோ?" என்றார் சிவகுரு அக்கா, கேற்றுக்கு உள்ளே நின்றபடி. புனிதம் சண்டை பிடித்தார். நான் சமாதானம் பேசினேன். இரண்டும் எடுபடவில்லை. உள்ளே கயிற்றில் சேலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. வெளியே நாங்கள் நின்றோம்.

மாதம் பிறந்தது. திரேசா போன் எடுத்து, தயங்கித் தயங்கி வாடகை கேட்டார். தெமட்டகொடை முதியவருக்கு மருந்து முடிந்துவிட்டது. "நன்றி எண்ட ஒண்டு வேண்டாமோ?" என்று எங்களோடு நின்ற பெண்கள் சிலரும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மாதாமாதம் கொடுக்கும் ஒரு வாடகைக்கு ஒரு மனுஷி எவ்வளவு நன்றி திருப்பித் தர வேண்டும் என்று நான் அவர்களைக் கேட்டேன். அதற்குப் பிறகு அவர்களும் என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். கடை முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்படியிருக்கும்போது ஒரு மத்தியானம் சிவகுரு அக்கா என் வீட்டு மணியை அடித்தார். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"கொட்டாஞ்சேனைக்குப் போட்டு வாறன், ரீச்சர்."

நான் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"நேரிலை புத்தி சொல்லுவம் எண்டுதான் போனனான். திரேசா கதவைத் திறந்துவிட்டா. பாக்கியம் கட்டிலிலை படுத்திருந்தாள். காலமை பத்து மணிக்கு. என்னைக் கண்டும் எழும்பேல்லை."

"சுகமில்லையோ?"

"நானும் அதைத்தான் கேட்டனான். 'இல்லீங்கம்மா, சும்மா படுத்திருக்கேன்' எண்டாள். அந்த அறையிலை கதிரையும் இல்லை. நிக்கிறதோ திரும்புறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை. அவள் காலைக் கொஞ்சம் மடக்கி இடம் விட்டு, 'ஒக்காருங்க' எண்டாள். இருந்தன்."

கிளாசை மேசையில் வைத்தார்.

"அவளின்ரை உள்ளங்காலைக் கண்டிருக்கிறீரோ? காய்ஞ்ச மரப்பட்டை மாதிரி வெடிச்சுப் பிளந்து கிடக்குது. எத்தினை வருசமாய் அந்தக் காலோடை எங்கடை ஒழுங்கையிலை நடந்து திரிஞ்சவள். என்ரை கலியாண வீட்டுக்கும் அவள்தான் வந்து பாத்திரம் கழுவினவள். ஒருநாளும் காணேல்லை. எப்பிடிக் காணுறது? அவள் படுத்திருந்து நான் பாத்ததே இல்லை."

"பிறகு என்ன கதைச்சனீங்கள்?"

"ஒண்டும் கதைக்கேல்லை. கதைக்கப் போன கதை வாயிலை வரேல்லை. ஜன்னலாலை காத்து வந்துது. அந்தக் காத்திலை கொஞ்சம் இருந்தன். பேந்து வந்திட்டன்."

மேசையில் கராஜ் சாவியை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

மறுநாள் காலை நான் போனபோது அவரே தும்புத்தடியோடு நின்றார். சேலையை இடுப்பில் செருகியிருந்தார். கூட்டத் தெரியாத கூட்டு, புழுதி முழுவதும் எழும்பிப் பட்டுகளின்மேல் படிந்துகொண்டிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. புனிதம் போய் சேலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்தார்.

போனவர்கள்

அதன் பிறகு கஷ்ட காலங்கள் வந்தன. சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் சனம் வரிசையில் நின்ற வருடம், சேலை வாங்க ஒருவரும் வரவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பு இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். உதவி கேட்டு வந்தவர்களில் நன்றாக உடுத்தவர்களும் இருந்தார்கள். என்னோடு படிப்பித்த ஒருவர் வந்து, சாமான் பார்ப்பதுபோல நெடுநேரம் நின்றுவிட்டு, போகும்போது மெதுவாகக் கேட்டார். எப்படியோ தாக்குப்பிடித்தோம்.

திரேசா முதலில் போனார். அந்த வீட்டை அவருடைய மருமகள் எடுத்துக்கொண்டார். பாக்கியத்தை அந்த அறையிலிருந்து எழுப்ப வேண்டாம் என்று கேட்டோம், ஒத்துக்கொண்டார்.

கடந்த மழைக்காலத்தில் பாக்கியமும் போய்விட்டார். மத்தியானம் படுத்தவர் எழும்பவில்லை. தம்பியின் பேரன் அட்டனிலிருந்து பஸ் ஏறி வந்து கொள்ளி வைத்தான். சிவகுரு அக்கா கனடாவுக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் ஞானம் மாமியின் மகள் நெடுநேரம் அழுதது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அழுகை அடங்கியதும் அவர் கேட்டார்: "கடைசி நாட்களிலை என்ன செய்துகொண்டு இருந்தவ?"

"ஒண்டும் செய்யேல்லை, பிள்ளை," என்றார் சிவகுரு அக்கா. "நிம்மதியாய் இருந்தவ."

பாக்கியத்தை நினைத்தால் எனக்கு அந்தச் செத்தவீடு நினைவுக்கு வருவதில்லை. அதற்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமைதான் வருகிறது.

கடை திரும்பத் திறந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். கோயிலுக்கு வந்தவர், நெற்றியில் திருநீறோடு கராஜ் வாசலில் வந்து நின்றார். தும்புத்தடி விவகாரத்துக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. அன்று சிவகுரு அக்காவின் முறை. நான் பின்னால் இருந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

சிவகுரு அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கோ."

யாரைச் சொல்கிறார் என்று பாக்கியம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை.

"வாங்கோ, இருங்கோ. என்ன பாக்கப்போறீங்கள்?"

பாக்கியம் வந்து பிரம்புக் கதிரையில் இருந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சேலை பாக்கணுங்க."

சிவகுரு அக்கா ஒன்றை எடுத்து விரித்தார். பாக்கியம் கரையைத் தடவிப் பார்த்தார். இன்னொன்றைக் கேட்டார். மேலே தொங்கியதைக் காட்டினார். அதை எட்டி எடுக்க அக்கா ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது, நான் பயந்து போய் ஸ்டூலைப் பிடித்தேன். நிறம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றார் பாக்கியம். வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்டார். எழுந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுப் பார்த்தார். எந்த அவசரமும் இல்லை. மேசை முழுவதும் சேலைகள் குவிந்தன.

கடைசியில் பையை எடுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு ஒன்னும் எடுக்கலீங்கம்மா. சும்மா பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

"அதுக்கென்ன," என்றார் சிவகுரு அக்கா.

பாக்கியத்தின் கை தன்பாட்டில் மேசைப் பக்கம் போய், கலைந்து கிடந்த ஒரு சேலையின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்தது.

"விடுங்கோ. நான் மடிப்பன்."

கை நின்றது. சேலையை விட்டது. பாக்கியம் தலையசைத்துவிட்டு வெளியே இறங்கி, ஒழுங்கையின் வெயிலில் காலி வீதிப் பக்கம் நடந்தார். சிவகுரு அக்கா முதல் சேலையை எடுத்து உதறி, மடிக்கத் தொடங்கினார்.